ரோபோ வகுப்பு தொடங்குகிறீர்களா? முதலில் உங்கள் கையைப் பின்னால் கட்டுங்கள்

ரோபோ வகுப்பு ஒன்று தொடங்கப் போகிறேன், எந்த கிட் வாங்கலாம் என்று அடிக்கடி யாராவது கேட்கிறார்கள். ஏறாவூரில் ஒரு ரீச்சர், அக்கரைப்பற்றில் ஒரு தகப்பன், களுவாஞ்சிகுடிப் பக்கம் வாசிகசாலை நடத்தும் பெடியன்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான்: இப்போதைக்கு ஒன்றும் வாங்காதீர்கள்.

கிட் பெட்டியைத் திறந்தால் பிள்ளைகள் படத்தைப் பார்த்துப் பார்த்து ஒரு மணித்தியாலத்தில் காரைப் பூட்டிவிடுவார்கள், அது ஓடும், கைதட்டுவார்கள், போனில் வீடியோ எடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். அடுத்த சனிக்கிழமை அதே கார் ஓடாது. பதினைந்து பிள்ளைகளும் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். "வேல செய்யுதில்ல சேர்." இதற்குப் பிறகு என்ன செய்வது என்று கிட்டோடு வரும் புத்தகத்தில் இருக்காது. நான் எழுத வந்தது அதைப் பற்றித்தான்.

மட்டக்களப்பு கல்லடியில் சனிக்கிழமை பின்னேரம் ஒரு விறாந்தையில் வகுப்பு நடத்துகிறேன். தரம் 2 பிள்ளையும் உண்டு, உயர்தரம் எழுதப் போகிறவரும் உண்டு. ஏன் சனி பின்னேரம் என்றால், ஞாயிறு காலை அறநெறி, வெள்ளி ஜும்ஆ, மற்ற நாளெல்லாம் ரியூஷன். மிச்சமாகக் கிடைத்த ஓட்டை அதுதான். உங்கள் ஊரில் எந்த ஓட்டை இருக்கிறது என்று முதலில் பாருங்கள். தரம் 5 பிள்ளைகளை எதிர்பார்க்க வேண்டாம், புலமைப்பரிசில் முடியும்வரை அவர்களை எந்த வீட்டிலும் விடமாட்டார்கள். பரீட்சை முடிந்த அடுத்த கிழமை தானாக வருவார்கள்.

முதல் நாலு கிழமைக்கு வேண்டியவை

பென்டோர்ச் பற்றரியும் (ஏஏ) அதற்கு ஹொல்டரும். எல்ஈடி ஒரு நூறு, சிவப்புத்தான் கூடுதலாக. 100 ஓம், 220 ஓம், 1 கிலோஓம், 10 கிலோஓம் தடையிகள் (ரெசிஸ்டர்). ஒரு பஸர், ஒரு சின்ன மோட்டர். வோல்ட் அளக்க இரண்டு மல்டிமீட்டர், மலிவானது போதும், ஆனால் வயர் தொடர்ந்திருந்தால் 'பீப்' என்று சத்தம் போடும் வகையாகப் பார்த்து வாங்குங்கள், அந்தச் சத்தம் இல்லாத மீட்டர் சின்னப் பிள்ளைகளுக்கு உதவாது. மற்றதெல்லாம் வீட்டிலேயே இருக்கிறது: ஐஸ்பழக் குச்சி, போத்தல் மூடி, ரெஜிபோம், உடுப்பு கிளிப், சமையல் அலுமினியத் தாள். ரேடியோ திருத்துகிற கடையில் சிரித்த முகத்தோடு கேட்டால் ஒரு பை நிறைய செத்த பலகைகள் தருவார்கள். உடைந்த விளையாட்டுக் காரிலிருந்து மோட்டர், பழைய டிவிடி பிளேயரிலிருந்து பற்சில்லு, பழைய போனிலிருந்து அதிரும் மோட்டர். கழற்றுவதே ஒரு வகுப்புத்தான். பிளக்கில் குத்தி ஓடிய சாமானின் பவர் பகுதியை மட்டும் நீங்களே முதலில் கழற்றி எடுத்துவிடுங்கள், அதிலிருக்கும் பெரிய கொள்ளளவி (கெப்பாசிட்டர்) பிளக்கைக் கழற்றிய பிறகும் அடிக்கும்.

எல்ஈடிக்குத் தடையி ஏன் என்று கேட்பார்கள். கணக்கைக் கொப்பியில் போட வையுங்கள். இரண்டு பற்றரி 3 வோல்ட், சிவப்பு எல்ஈடி ஏறத்தாழ 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மிச்சம் 1 வோல்ட், அதை 100 ஓமால் பிரித்தால் 10 மில்லிஅம்பியர். போதும். ஓம் விதியைச் சாதாரண தரத்துக்காக மனப்பாடம் செய்த பிள்ளைக்கு, அந்த விதி ஒரு எல்ஈடியைக் காப்பாற்றுகிற சாமான் என்று தெரிவது பெரும்பாலும் இங்கேதான். ஒரு எல்ஈடியை வேண்டுமென்றே தடையி இல்லாமல் 9 வோல்ட் பற்றரியில் எரித்தும் காட்டுங்கள், கொஞ்சம் தள்ளி நின்று, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு. ஒரு கணம் பளிச்சென்று எரிந்து கருகும். வகுப்பில் யாரும் அதை மறந்ததில்லை.

வோல்டேஜ், கரண்ட், தடை மூன்றையும் விளங்கப்படுத்த நம்மிடம் நல்ல உதாரணம் இருக்கிறது. படுவான்கரைப் பிள்ளைகளிடம் உன்னிச்சைக் குளத்தைச் சொல்லுங்கள், அம்பாறைப் பக்கம் சேனாநாயக்க சமுத்திரத்தைச் சொல்லுங்கள். குளத்தில் நிற்கிற தண்ணீரின் உயரம் வோல்டேஜ், வாய்க்காலில் போகிற தண்ணீர் கரண்ட், மடை எவ்வளவு மூடியிருக்கிறது என்பது தடை. வயலுக்குத் தகப்பனோடு போன பிள்ளைக்கு இரண்டு நிமிடத்தில் விளங்கும். ஆனால் இந்த உதாரணம் ஒரு இடத்தில் ஏமாற்றும். வாய்க்காலை வெட்டினால் தண்ணீர் வெளியே கொட்டும், வயரை வெட்டினால் கரண்ட் கொட்டாது, முழுச்சுற்றும் நின்றுவிடும். "பற்றரியின் ஒரு முனையிலிருந்து புறப்பட்டது மறுமுனைக்குத் திரும்பி வந்தே ஆகவேண்டும்" என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் மட்டும் போதாது, ஒவ்வொரு பிள்ளையும் விரலை வைத்துச் சுற்றைத் தடவிக்கொண்டே போய்ப் புறப்பட்ட இடத்துக்கு வரவேண்டும். விரல் எங்கே நிற்கிறதோ அங்கேதான் பிழை.

கையைப் பின்னால் கட்டுவது

இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது, உங்களுக்குத்தான் கஷ்டம், பிள்ளைகளுக்கு இல்லை. பிள்ளை "எரியுதில்ல" என்று வந்தவுடன் நம் கை தானாகப் போய் அந்த வயரைச் சரியாக்கும். பிள்ளை நன்றி சொல்லிவிட்டுப் போகும், அடுத்த முறையும் உங்களிடம்தான் வரும். நான் ஒரு வருடம் இப்படித்தான் நடத்தினேன். வகுப்பு நன்றாகப் போகிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை எனக்குக் காய்ச்சல், பெரிய பிள்ளைகளிடம் சாவியைக் கொடுத்து நடத்தச் சொன்னேன். இரண்டு மணித்தியாலம் போயும் ஒரு சுற்றுக்கூட எரியவில்லை. அத்தனை பேரும் பாவித்த பற்றரிகள் செத்திருந்தன. ஒருவரும் பற்றரியை அளந்து பார்க்கவில்லை, மல்டிமீட்டர் இரண்டும் மேசையிலேயே கிடந்தன.

அதற்குப் பிறகு ஒரு ஒழுங்கு வைத்தேன். சுவரில் ஒரு மட்டையில் நாலு கேள்வி: பற்றரியை அளந்தாயா? விரலால் சுற்றித் திரும்பி வந்தாயா? கால் நீளம் பார்த்தாயா? (எல்ஈடியின் நீளமான கால் பொசிட்டிவ்.) ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தாயா? நாலுக்கும் பதில் இல்லாமல் என்னிடம் வரக்கூடாது. வந்தாலும் நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேள்வி மட்டும்தான் கேட்பேன். "மனே, பற்றரி எத்தின வோல்ட் காட்டுது?" அவ்வளவுதான். இந்த விதி உயர்தர அண்ணன்மார் அக்காமாருக்கும் உண்டு; சின்னவர்களுடைய சுற்றில் அவர்கள் கை படக்கூடாது, வாய் மட்டும். முதலில் கடுப்பாவார்கள், ஒரு மாதத்தில் நன்றாகக் கேள்வி கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

பிறகு 'பிழைப் பெட்டி'. ஒரு பிஸ்கட் டின்னில் பத்துச் சுற்று வைத்திருக்கிறேன், பத்தும் கெட்டவை, நானே கெடுத்தது. ஒன்றில் எல்ஈடி திருப்பிப் பூட்டியிருக்கும். ஒன்றில் வயர் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் உறைக்குள்ளே கம்பி அறுந்திருக்கும். ஒன்றில் 220 ஓமுக்குப் பதில் 220 கிலோஓம். தடையியின் நிறக்கோடுகளில் முதலாவது சிவப்பு சிவப்பு மண்ணிறம், மற்றது சிவப்பு சிவப்பு மஞ்சள்; மூன்றாவது நிறம் மட்டும்தான் வித்தியாசம், பின்னேர வெளிச்சத்தில் எனக்கே தடுமாறும். ஒன்றில் பிழையே இல்லை, பற்றரி மட்டும் செத்தது. ஒரு முறை தரம் 7 படிக்கும் ஒரு தங்கச்சி பிரெட்போர்ட் (சாமான்களை ஓட்டைகளில் குத்திச் சுற்றுப் பூட்டும் பலகை) ஒன்றை வைத்துக்கொண்டு முக்கால் மணித்தியாலம் இருந்தாள். எல்ஈடி சரி, தடையி சரி, பற்றரி 3.1 வோல்ட். பலகையின் ஓரத்தில் நீளமாகப் போகிற சிவப்புக் கோட்டு வரிசையின் ஒரு முனையில் மீட்டரின் ஒரு முள்ளை வைத்தாள், மற்ற முள்ளை ஒவ்வொரு ஓட்டையாக நகர்த்தினாள். பீப், பீப், பீப். நடுவில் வந்ததும் சத்தம் நின்றது. திரும்ப ஒரு ஓட்டை பின்னுக்கு, பீப். முன்னுக்கு, இல்லை. "சேர், இந்தக் கோடு நடுவுல வெட்டி இருக்கு." உண்மைதான், சில பிரெட்போர்ட்களில் அந்த ஓர வரிசை நடுவில் இரண்டாகப் பிரிந்திருக்கும், மேலே அச்சடித்த கோட்டில் சின்ன இடைவெளிதான் அதற்கு அடையாளம். அது நான் வைத்த பிழையே இல்லை. நான் வேறொன்று வைத்திருந்தேன், அதையும் பிறகு கண்டுபிடித்தாள்.

சின்னவர்கள்

தரம் 1 முதல் 4 வரை உள்ளவர்களுக்கு அரை மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், அதற்குமேல் இழுத்தால் விறாந்தையில் ஓட்டப்போட்டிதான் நடக்கும். கோதுமை மா, தண்ணீர், நிறைய உப்பு, கொஞ்சம் தேசிக்காய்ச் சாறு போட்டுப் பிசைந்த உருண்டை கரண்டைக் கடத்தும். இரண்டு உருண்டையை ஒன்றோடொன்று படாமல் வைத்து, பற்றரி வயர் ஒவ்வொன்றிலும் ஒன்று, எல்ஈடியின் கால் ஒவ்வொன்றிலும் ஒன்று. எரியும். இரண்டு உருண்டையும் முட்டினால் அணைந்துவிடும், ஏனென்றால் கரண்ட் எல்ஈடியை விட்டுவிட்டு மாவுக்குள்ளாலேயே சுருக்குவழியில் போய்விடுகிறது. ஆமை செய்து கண் எரிய வைப்பார்கள், முதலை செய்வார்கள், மட்டக்களப்புப் பிள்ளை என்றால் நிச்சயம் ஒரு மீன் செய்யும். முடிந்தவுடன் எல்ஈடிக் கால்களைக் கழுவித் துடைத்து வையுங்கள், உப்பு ஒரே கிழமையில் தின்றுவிடும்.

பல்துலக்கும் பிரஷின் தலையை வெட்டி மேலே பழைய போனின் அதிரும் மோட்டரை ஒட்டினால் கரப்பான் மாதிரி ஓடும். இணையத்தில் இதை எல்லா இடத்திலும் பொத்தான் பற்றரியோடு காட்டுவார்கள். நான் அந்தப் பற்றரியைச் சின்னவர்களின் வகுப்புக்குள் விடுவதே இல்லை. குழந்தை விழுங்கிவிட்டால் அது தொண்டைக்குள் சிக்கி இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் பொசுக்கத் தொடங்கும், வீட்டில் ஊர்ந்து திரிகிற தம்பி தங்கச்சி இருந்தால் இன்னும் ஆபத்து. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. பென்டோர்ச் பற்றரியிலிருந்து நீளமான மெல்லிய வயர் இழுத்தால் போதும், கரப்பான் கயிறு கட்டிய மாடு மாதிரி ஓடும், அதுவும் வேடிக்கைதான்.

தரம் 6 முதல் 9 வரை

வகுப்பின் உயிர் இவர்கள்தான். பரீட்சைப் பயம் இன்னும் வரவில்லை, கை நன்றாக ஓடும், கேள்வி ஓயாது. இவர்களுக்கு முதல் பெரிய வேலையாக நான் காரைக் கொடுப்பதில்லை, வெள்ள எச்சரிக்கை மணியைக் கொடுக்கிறேன். கார்த்திகை, மார்கழியில் வீட்டு வாசலில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்திராத பிள்ளை இந்தப் பக்கம் குறைவு, அதனால் எதற்குச் செய்கிறோம் என்று சொல்லவே தேவையில்லை.

பிசி 547 என்ற திரான்சிற்றர், ஒரு பஸர், 1 கிலோஓம் தடையி, 9 வோல்ட் பற்றரி. திரான்சிற்றரின் தட்டையான பக்கம் உங்களைப் பார்க்கக் கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து வலமாகச் சேகரிப்பான் (கலெக்டர்), அடி (பேஸ்), காலி (எமிட்டர்). பற்றரியின் பொசிட்டிவிலிருந்து பஸர், பஸரின் மறுமுனை சேகரிப்பானுக்கு, காலி நெகட்டிவுக்கு. பொசிட்டிவிலிருந்து ஒரு வயர் வெறுமனே தண்ணீருக்குள், இன்னொரு வயர் தண்ணீரிலிருந்து 1 கிலோஓம் வழியாக அடிக்கு. தண்ணீர் இரண்டு வயரையும் தொட்டவுடன் மிகச் சிறிய கரண்ட் அடிக்குள் போகும், அது பெரிய கரண்டைத் திறந்துவிடும். வான்கதவைத் திறக்க ஒரு சின்னச் சில்லைத்தானே சுற்றுகிறோம், அதே கதைதான். கடைக்காரர் பிசி 547 இல்லை என்று 2என் 3904 தந்தால் வாங்கலாம், ஆனால் அதில் கால்களின் ஒழுங்கு தலைகீழ். இது தெரியாமல் ஒரு பின்னேரம் முழுக்கத் தலையைச் சொறிந்திருக்கிறோம்.

வாளியில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் பஸர் வீறிட்டுக் கத்தும். கல்லடிக் கிணறு கொஞ்சம் உவர். அடுத்த கிழமை ஒரு பெடியன் முகட்டிலிருந்து ஒழுகிய மழைத்தண்ணீரைப் போத்தலில் பிடித்துக்கொண்டு வந்தான், "வெள்ளம் வாறது மழத்தண்ணியிலதானே சேர்" என்றான். ஊற்றினோம். பஸர் முனகியது, அவ்வளவுதான். மழைத்தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, கரண்டை லேசில் விடாது. நான் யோசிக்காத விஷயம். பிள்ளைகள் முதலில் செய்தது உப்புப் போட்டதுதான், பிறகு தாங்களே சிரித்தார்கள், வெள்ளத்துக்கு யார் உப்புப் போடுவது? பிறகு இரண்டு வயரையும் கிட்டக் கிட்டக் கொண்டுவந்தார்கள், கொஞ்சம் கூடியது. கடைசியில் இரண்டாவது திரான்சிற்றர் ஒன்றைச் சேர்த்தோம்: முதலாவதின் காலி இரண்டாவதின் அடிக்கு, சேகரிப்பான்கள் இரண்டும் ஒன்றாக. ஒன்று 200 மடங்கு பெருக்கினால் இரண்டும் சேர்ந்து 40,000 மடங்கு. இப்போது மழைத்தண்ணீருக்கும் கத்தியது, ஈர விரலால் தொட்டாலும் கத்தியது.

கதை அதோடு முடியவில்லை. ஒரு கிழமை தண்ணீரில் விட்டிருந்த செப்பு வயரின் நுனி பச்சை பிடித்து அரித்துப் போயிருந்தது. ஒரே திசையில் கரண்ட் போய்க்கொண்டிருந்தால் உலோகம் கரையும், தரம் 10, 11 விஞ்ஞானத்தில் படிக்கிற மின்பகுப்பு கண்முன்னாலேயே நடக்கிறது. பென்சிலை இரண்டு பக்கமும் சீவி, கரியை முனையாகப் பாவித்தோம். கரி அப்படி அரிக்காது. வயல் மண்ணின் ஈரத்தை அளக்கும் மலிவான இரட்டை முள் சென்சர்கள் சீக்கிரம் கெடுவதற்கும் இதுதான் காரணம், வாங்குவதென்றால் உலோகம் மண்ணைத் தொடாத கெப்பாசிட்டிவ் வகையை வாங்குங்கள்.

இந்த ஒரு வெள்ள மணியைச் செய்ய ஆறு கிழமை போனது. கிட் கார் என்றால் ஒரு மணித்தியாலம்.

பிறகு கார், அப்போதுதான் கொம்பியூட்டர்

நிரல் எழுதுவதை அதுவரை தள்ளிப்போட வேண்டும் என்றில்லை, மழை நாளில் ஸ்கிராட்ச் (கட்டங்களை இழுத்து ஒட்டி நிரல் எழுதும் மென்பொருள்) சொல்லிக்கொடுங்கள், அதை இறக்கி வைத்தால் இணையம் இல்லாமலும் ஓடும். நிரலை ஓட்டும் சின்னக் கொம்பியூட்டர்ப் பலகை என்று வரும்போது காசு இருந்தால் மைக்ரோபிட், இல்லாவிட்டால் ஆர்டுயினோ ஊனோவின் நகல். மைக்ரோபிட் 2016 இல் பிபிசி பிரித்தானியப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று கொண்டுவந்தது, 25 எல்ஈடியும் இரண்டு பொத்தானும் அசைவை உணரும் சென்சரும் அதிலேயே இருப்பதால் வயர் இல்லாமலே தொடங்கலாம். ஆர்டுயினோ 2005 இல் இத்தாலியில் பிறந்தது, அதன் வரைபடம் எல்லோருக்கும் திறந்தது என்பதால்தான் நகல்கள் மலிவாகக் கிடைக்கின்றன. என் தெரிவு நகல்தான். எரிந்தால் அழவேண்டியதில்லை. அதில் மூன்று இடத்தில் எல்லோரும் மாட்டுவார்கள்: பல நகல்களுக்கு சிஎச்340 டிரைவர் (கொம்பியூட்டர் பலகையை அடையாளம் காண உதவும் மென்பொருள்) தனியாகப் போட வேண்டியிருக்கும், மென்பொருளில் சரியான போர்ட்டைத் தெரிவு செய்ய வேண்டும், அப்புறம் யூஎஸ்பி வயர். போன் சார்ஜ் பண்ணும் வயர்கள் சிலவற்றில் தரவுக் கம்பியே இருக்காது, பலகையில் லைட் எரியும், கொம்பியூட்டருக்கு ஒன்றும் தெரியாது. நல்ல வயர்களில் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறேன்.

காரில் எல்லோரும் செய்கிற பிழை, நானும் செய்த பிழை, சதுரமான 9 வோல்ட் பற்றரி. நாலு பென்டோர்ச் பற்றரியின் 6 வோல்ட்டை விட 9 பெரிது, அப்படியென்றால் கூட வேகமாக ஓடும் என்று பிள்ளைகள் நினைப்பது நியாயம்தான். இரண்டு மோட்டரும் கிளம்புகிற நேரம் அந்தப் பற்றரி மூச்சு வாங்கும், வோல்டேஜ் சரியும், ஆர்டுயினோ அணைந்து திரும்பத் தொடங்கும், மோட்டர் திரும்ப இழுக்கும், திரும்ப அணையும். கார் விக்கல் எடுத்தமாதிரி துடிக்கும். பிள்ளைகள் நிரலில் பிழை தேடிக்கொண்டிருப்பார்கள். விடுங்கள், ஒரு அரை மணித்தியாலம் தேடட்டும், பிறகு சுவரில் முதல் கேள்வியைக் காட்டுங்கள். மோட்டர் ஓடும்போது பற்றரியை அளந்தால் வோல்டேஜ் விழுவது கண்ணுக்கே தெரியும். வெள்ள மணிக்குச் சரியாக இருந்த அதே பற்றரிதான், பஸருக்குக் கொஞ்சக் கரண்ட் போதும், மோட்டருக்குப் போதாது. நாலு பென்டோர்ச் பற்றரி, 6 வோல்ட், போதும். மோட்டருக்குக் கரண்டைத் திறந்துவிடும் எல்298என் டிரைவர் பலகை தானே ஏறத்தாழ 2 வோல்ட்டைத் தின்றுவிடும், மிச்சம் 4, இந்தக் கார்களில் வரும் மஞ்சள் மோட்டருக்கு 3 முதல் 6 வரை சரி. சார்ஜ் பண்ணும் பற்றரி என்றால் ஒன்று 1.2 வோல்ட்தான், நாலு சேர்ந்து 4.8, தின்றது போக 3க்கும் கீழே, கார் சோம்பும். அதற்கு டிபி6612 டிரைவர் நல்லது, குறைவாகத் தின்னும். ஆர்டுயினோவின் நெகட்டிவும் டிரைவரின் நெகட்டிவும் ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும், இதை மறந்தால் ஒன்றுமே நடக்காது. மோட்டரை ஒருபோதும் ஆர்டுயினோப் பலகையின் பின்னோடு (வயர் குத்தும் முனை) நேரே பூட்டக்கூடாது, ஊனோவின் ஒரு பின்னுக்கு 20 மில்லிஅம்பியர்தான் வசதி.

முதல் பணி தடையைத் தாண்டுவதோ கோட்டைப் பின்தொடர்வதோ இல்லை. இரண்டு மீற்றர் நேராக ஓட வை, அவ்வளவுதான். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு மோட்டரும் ஒரே வேகத்தில் ஓடாது, கார் ஒரு பக்கம் இழுக்கும். நிரலில் 0 முதல் 255 வரை வேக எண்ணை மாற்றி மாற்றித் தரையில் சோக்கால் கோடு போட்டு அளப்பார்கள். பற்றரி இறங்கினால் அந்த எண்ணும் மாறிவிடும் என்று கண்டுபிடிக்கிற நாளில் ஒரு சண்டை வரும், நல்லது.

கோட்டைப் பின்தொடரும் கார் செய்தால் சூரியனைக் கவனியுங்கள். பின்னேரம் அருமையாக ஓடிய கார் ஒரு காலை நிகழ்ச்சியில், யன்னலோரத்தில், பெற்றோர் முன்னால் பைத்தியம் பிடித்ததுபோல் சுற்றியது. அதன் சென்சர் கோட்டைப் பார்ப்பது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியால்; வெயிலிலும் அகச்சிவப்பு இருக்கிறது, சென்சர் அதைத்தான் பார்த்தது. எதிரொலி வரும் நேரத்தை வைத்துத் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சர் சுவரை நன்றாகப் பார்க்கும், சாரம் கட்டிய காலைச் சரியாகப் பார்க்காது, துணி ஒலியை விழுங்கிவிடும். உயர்தரக்காரருக்கு இதில் ஒரு கணக்கு: புத்தகத்தில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 343 மீற்றர், அது 20 பாகை செல்சியசில். நம்முடைய 32 பாகையில் ஏறத்தாழ 350. ஒரு மீற்றரில் இரண்டு சென்ரிமீற்றர் பிழை எங்கிருந்து வருகிறது என்று அவர்களே பிடிக்கட்டும்.

பெரியவர்களைப் பற்றி இவ்வளவுதான் சொல்வேன். உயர்தர பௌதிகவியலில் இலத்திரனியல் அலகு இருக்கிறது, இருவாயி, திரான்சிற்றர், தர்க்கப் படலை எல்லாம் வரும், தொழில்நுட்பப் பிரிவுக்காரருக்கு இன்னும் கூட. பாடத்தோடு சேர்த்துச் செய்தால் வீட்டில் மறிக்கமாட்டார்கள். அதனால்தான் நான் எப்போதும் இரண்டு சொல்லையும் சொல்வேன், ரெசிஸ்டர் என்றும் தடையி என்றும், எல்ஈடி என்றும் ஒளிகாலும் இருவாயி என்றும். கடையில் ஒன்று வேண்டும், பரீட்சையில் மற்றது வேண்டும்.

சில கண்டிப்புகள்

230 வோல்ட் பக்கம் போகவே வேண்டாம், எந்த வயதானாலும். "மின்விசிறியை போனால் ஓட வைப்போமா சேர்" என்று கேட்பார்கள். இல்லை. யானைக்குக் கரண்ட் வேலி செய்வோமா என்றும் கேட்பார்கள், அதுவும் இல்லை. அதற்குப் பதிலாக, கயிறு இழுபட்டால் மணி அடிக்கிற மாதிரி உடுப்பு கிளிப்பில் ஒரு சுவிட்ச் செய்யலாம், கிளிப்பின் வாய்க்குள் இரண்டு அலுமினியத் தாள், நடுவில் ஒரு பிளாஸ்டிக் துண்டு, துண்டில் கயிறு. பழைய லப்டொப்பிலிருந்து எடுத்த லித்தியம் பற்றரியை யாராவது ஆசையாகக் கொண்டுவருவார்கள், வாங்கி ஒரு பக்கம் வையுங்கள். முனை முட்டினால் தீப்பிடிக்கும். சோல்டரிங் தரம் 8க்கு மேல், மூன்று பேருக்கு ஒரு பெரியவர், காற்றோட்டமான இடம், நுனி 350 பாகை வரை சூடு. ஈயம் கலந்த கம்பி என்றால் முடிந்தவுடன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் வடை.

குழு மூன்று பேருக்கு மேல் வேண்டாம். ஒருவர் பூட்ட, ஒருவர் வாசிக்க, ஒருவர் அளக்க. பெண்பிள்ளையும் ஆண்பிள்ளையும் கலந்த குழுவில் பத்து நிமிடத்தில் கொப்பி பெண்பிள்ளையின் கையிலும் ஸ்குரூ டிரைவர் பெடியனின் கையிலும் இருக்கும், யாரும் சொல்லாமலே. மணி அடித்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், முகத்தைத் தூக்கினாலும் மாற்றுங்கள்.

சாமான்களைக் கணக்கெடுக்காமல் யாரையும் வீட்டுக்கு விடாதீர்கள். கடற்காற்று பலகைகளின் முள்ளைத் துருப்பிடிக்க வைக்கும், கல்முனை, காரைதீவு, காத்தான்குடி என்று கரையோரம் எங்கும் இதே பிரச்சினைதான். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில், சப்பாத்துப் பெட்டியோடு வருகிற சின்னச் சிலிக்கா பைகளைச் சேர்த்து உள்ளே போடுங்கள். பற்றரிகளை ஹொல்டரிலிருந்து கழற்றி வேறாக வையுங்கள், ஒழுகினால் ஹொல்டரும் போய்விடும். ஐப்பசி பிறந்தவுடன் பெட்டி அலுமாரிக்கு மேலே ஏற வேண்டும். எங்கள் முதல் பெட்டி மேசைக்குக் கீழே இருந்தது, அதற்குள் பிள்ளைகள் செய்த வெள்ள மணிகள் பதினொன்று.